முப்பத்தைந்து கிராம்

ஜூலை 3, திங்கள்

பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குகிறேன். இந்த நோட்டை வாங்கச் சொன்னது, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லித்தரும் ஜெபாராணி. "தம்பி ஒவ்வொரு நாளும் கையால என்னென்ன செஞ்சாருன்னு நாலு வரி எழுதி வைங்கம்மா. சட்டைப் பொத்தான் போட்டாரா, டம்ளர் தூக்குனாரா, அது போதும்" என்றாள். எட்டாவது வரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். எழுத வரும். ஆனால் நாலு வரியில் எனக்குப் பேசவே தெரியாது, எழுத எங்கே தெரியப்போகிறது.

தம்பி என்று அவள் சொன்னது என் அண்ணன் மகன் சங்கரலிங்கத்தை. வயது முப்பத்தொன்று. அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவன் அம்மா போனாள். பத்து வருஷத்துக்கு முன்னால் என் அண்ணனும் போய்விட்டார். எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. சங்கரன்கோவிலில் இந்த இரண்டு அறை வீட்டில் நான், அவன், கோமதி அம்பாள் படம், அவ்வளவுதான்.

அவனுக்கு வேலை வீட்டிலேயே. சென்னையில் ஒரு கம்பெனி. ஊர் ஊராக ஆள் அனுப்பி, விவசாயம் பார்க்கிற சம்சாரிகளையும் பீடி சுற்றுகிறவர்களையும் பேச வைத்துப் பதிவு செய்வார்கள். இவன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, அவர்கள் பேசினது பேசினபடி டைப் அடித்து அனுப்பவேண்டும். நம் பக்கத்துப் பேச்சு மிஷினுக்குப் புரியவில்லையாம். இவனுக்கே சில சொல் புரியாது. "அத்த, 'வெஞ்சனம்'னா என்ன?" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பான். தொட்டுக்கொள்கிற கறி என்று நான் சொல்வேன். ஆகையால் அந்தக் கம்பெனியில் நானும் பாதி ஆள்.

இன்று: பொத்தான் நான் போட்டுவிட்டேன். டம்ளரை இரண்டு கையாலும் தூக்கினான்.

டாக்டர் இன்னும் எத்தனை வருஷம் என்று ஒரு கணக்கும் சொன்னார், நோய்க்கு ஒரு பெயரும் சொன்னார். மூன்று இங்கிலீஷ் எழுத்து. அதை இந்த நோட்டில் எழுதமாட்டேன். எழுதி வைத்தால் வீட்டிலேயே தங்கிவிடும்.

ஜூலை 9, ஞாயிறு

புற்றுமண் குழைத்து இரண்டு கையிலும் பூசினேன். அம்பாள் கோயில் புற்றுமண்ணுக்குப் போகாத நோய் கிடையாது. மணிக்கட்டு இளைத்திருக்கிறது. முருங்கைக்கீரை கொடுக்கவேண்டும்.

காலையில் ஒரு உண்மை கண்டுபிடித்தேன். கோளாறு கையில் இல்லை, கீபோர்டில். அவன் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டையையும் கிணற்றில் வாளியை இறக்குகிற மாதிரி அழுத்துகிறான். நான் ஒன்றை அமுக்கிப் பார்த்தேன், ரப்பர் செருப்பை மிதித்த மாதிரி இருந்தது. இதில் நாள் முழுக்க அடித்தால் யார் கைதான் சோராது.

அவனிடம் சொன்னதற்கு, "அதான் அத்த, நானும் பாத்துக்கிட்டு இருக்கேன். மெக்கானிக்கல் கீபோர்டுன்னு இருக்கு. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலயும் தனித்தனி ஸ்பிரிங். எவ்வளவு கிராம் வெயிட்ல இறங்கணும்னு நாம பாத்து வாங்கலாம்" என்றான்.

கிராம் கணக்கா என்று கேட்டுவிட்டு, பூஜை அலமாரியிலிருந்து திருநீறு பொட்டலங்களை எடுத்து வந்தேன். அண்ணாச்சி கடைத் தராசில் ஒரு பொட்டலம் பத்து கிராம் என்று போன மாசமே தெரியும். ஒரே கட்டையின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஏழாவது வைத்தபோதுதான் இறங்கியது. லிங்கம் சிரித்தான். "கடவுளே வந்து அமுக்குனாலும் எழுவது கிராம் வேணும் போல" என்றான். அவன் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அதனால் சாமி விஷயத்தில் விளையாடாதே என்று சொல்லவில்லை.

ஜூலை 15, சனி

திருநெல்வேலி போய்வந்தோம். ஜங்ஷன் பக்கம் மைதீன் பாய் கடை. லிங்கம் காலேஜ் படித்த காலத்திலிருந்தே பழக்கம். எனக்கு உட்கார ஸ்டூல் போட்டார்.

"கேம் ஆடவா தம்பி, வேலைக்கா?"

"வேலைக்குத்தான் பாய். நாள் பூரா அடிக்கணும்."

"அப்ப கண்ண மூடிக்கிட்டு இத எடுங்க. கட்டைக்கு அடியில நீல ஸ்விட்ச். அடிச்சா கோர்ட்டு வாசல்ல டைப் அடிச்ச மாதிரி கேக்கும்."

லிங்கம் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. டக் டக்கென்று நல்ல சத்தம். நாலு சொல் அடித்திருப்பான், கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "பிரமாதமா இருக்கு பாய். ஆனா வேண்டாம்."

"ஏன், வீட்ல அக்கா சத்தம் போடுவாகளா?"

"நான் போடுத சத்தத்துல இது எங்க பாய் கேக்கப்போவுது" என்றேன்.

பிறகு பழுப்பு. அது பாதியில் ஒரு தட்டுத் தட்டி இறங்குகிறது. பிறகு சிவப்பு. தட்டல் இல்லை, சத்தமும் குறைவு, வழுக்கிக்கொண்டு போகிறது. "நாப்பத்தஞ்சு கிராம். ஆபீசுக்கு எல்லாரும் இதத்தான் வாங்குதாக" என்றார் பாய். லிங்கம் அதில் கொஞ்சம் கூடுதலாக அடித்தான். கடைசியில் சுண்டுவிரல் மட்டும் கட்டைமேல் நின்றது, இறங்கவில்லை.

"இதவிட லேசா இருக்கா?"

பாய் அப்போதுதான் அவன் கையைப் பார்த்தார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருக்கும், அதைப் பார்த்தார். கேலிப் பேச்சு நின்றுவிட்டது. "முப்பத்தஞ்சு கிராம்னு ஒண்ணு இருக்கு தம்பி. யாரும் கேக்கமாட்டாக. விரல் பட்டாலே எழுத்து விழுந்துருதுன்னு திருப்பிக் கொண்டாந்துருவாக. ஒங்களுக்கு வரவழைச்சுத் தாரேன்."

"அதுக்கும் கீழ?"

"அதுக்கும் கீழ எனக்குத் தெரிஞ்சு இல்ல."

போனிலேயே அடித்தால் அமுக்கவே வேண்டாமே என்று பஸ்ஸில் கேட்டேன். கண்ணாடிமேல் விரல் வழுக்குகிறது, கம்பெனி வேலை போனில் ஓடாது, விரலைக் கட்டைமேல் ஊன்றித்தான் அவனுக்கு இடம் தெரியும் என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்று சொன்னான்: "அந்த முப்பத்தஞ்சயும் அமுக்க முடியாத அன்னைக்கு நான் வேலைய விட்டுருவேன் அத்த. தப்புத் தப்பா அடிச்சுக் குடுத்து, பாவம்னு அவங்க என்னய வச்சுக்கிடுத வரைக்கும் இருக்கமாட்டேன்."

"வாயக் கழுவு" என்றேன்.

ஜூலை 26, புதன்

கீபோர்டு வந்தது. திருநீறு மூன்று பொட்டலம் வைத்தேன், நாலாவதைக் கையிலிருந்து இறக்குவதற்குள் எழுத்து விழுந்துவிட்டது. துண்டைச் சுருட்டி மணிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொடுத்தேன். மத்தியானம்வரை அடித்தான். ஒரு பதிவு முழுக்க முடித்தான். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவர் தன் மாமனாரைத் திட்டுகிற திட்டு. அதை லிங்கம் வாசித்துக் காட்ட, நான் மூக்கில் ரசம் ஏறச் சிரித்தேன்.

சொன்னேனே, கோளாறு கையில் இல்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

நேற்று அம்பாள் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. கூட்டத்தில் அம்பாள் சப்பரம் தெரியவில்லை, குடை மட்டும் தெரிந்தது. லிங்கத்துக்காக மூன்று சுற்று அதிகமாகச் சுற்றினேன். கால் வீங்கியிருக்கிறது. அவன்: டம்ளர் தூக்கவில்லை, ஸ்ட்ரா வாங்கிவிட்டேன். டைப் நன்றாக அடிக்கிறான்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

சீப்பு பிடிக்க முடியவில்லை. நான் வாரிவிட்டேன். சின்ன வயதிலும் நான்தானே வாரிவிட்டேன். டைப்: நாலு விரல்.

செப்டம்பர் 6, புதன்

ஜெபாராணி வீட்டுக்கே வந்தாள். இந்த நோட்டைப் புரட்டினாள். அவள் கேட்டது நாலு வரி, நான் எழுதியிருப்பது பாரதம். சிரித்துக்கொண்டேதான் படித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள். "அந்த விரல்கள விட்றாதீங்கம்மா. தினமும் அடிக்கட்டும். ஓட்டத்துல இருக்கறவரைக்கும் இருக்கும். ரெண்டு மூணு வாரம் சும்மா போட்டாருன்னா மடங்கி இறுகிரும், அப்புறம் நிமித்த முடியாது."

லிங்கத்தின் பேச்சு கொஞ்சம் குழறுகிறது. பல்லில் ஏதோ கோளாறாக இருக்கும். கம்பெனியிலிருந்து வினோதினி மேடம் போன் செய்தால், அவன் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. இனிமேல் போனை நான்தான் எடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. நல்ல பெண். "உங்க மருமகன் அடிச்சு அனுப்பறதுல ஒரு தப்பு பாக்க முடியாதும்மா" என்றாள். அதை அவனிடம் மூன்று தரம் சொன்னேன்.

செப்டம்பர் 28, வியாழன்

டைப்: நாலு விரல். மற்றது எதுவும் எழுதுகிற மாதிரி இல்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. விடியுமுன்பே வீடு கழுவிக் கோலம் போட்டேன். அரிவாள்மணை, கத்தரிக்கோல், அண்ணனின் பழைய சைக்கிள் பம்பு, லிங்கம் படித்த புத்தகத்தில் நாலு, எல்லாம் அம்பாள் படத்துக்கு முன்னால் வைத்தேன். பிறகு அவன் மேஜையிலிருந்து கீபோர்டை எடுத்தேன்.

"எதுக்கு அத்த?" குழறலாகத்தான் கேட்டான். எனக்குப் புரியும்.

"இன்னைக்கு ஆயுதத்தத் தொடக்கூடாதுய்யா. ஒரு நாள் அதுவும் ஓய்வெடுக்கட்டும்."

"பக்கத்துல வச்சுக் கும்பிடுங்க. பொட்டு கிட்டு வச்சிராதீய."

"ஓரத்துல ஒண்ணே ஒண்ணு."

ஒன்றுதான் வைத்தேன். அவன் கண் அசந்ததும் மனது கேட்கவில்லை. சோறு போடுகிறது ஒவ்வொரு கட்டையும்தானே. 'அ'வுக்கு வைத்து 'க'வுக்கு வைக்காமல் விட்டால் என்ன நியாயம்? சந்தனத்தைப் பன்னீரில் நீர்க்கக் குழைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். நூற்றெட்டு வந்திருந்தால் நிறைவாக இருந்திருக்கும். நூற்று நாலுதான் இருக்கிறது. அந்தக் குறைக்கு நாலு பொட்டை இரண்டாம் முறை வைத்தேன். பார்க்க அம்பாளுக்குச் சந்தனக்காப்பு சாற்றின மாதிரியே இருந்தது. அந்தக் கையை நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. நல்ல நாள், தொடங்குகிற நாள். அவன் விழிக்கும் முன்பே ஈரத்துணியால் பொட்டையெல்லாம் துடைத்து, பளிச்சென்று மேஜையில் வைத்துவிட்டேன். துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன். காதில் மாட்டிவிட்டேன்.

அடுப்படிக்குப் போய்விட்டேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தமே வரவில்லை. பதிவைக் கேட்கிறான் போல என்று நினைத்தேன். அப்புறமும் வரவில்லை.

போய்ப் பார்த்தால் ஆள்காட்டி விரலைக் கட்டைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விரல் நகம் வெளுத்திருந்தது, அவ்வளவு அழுத்துகிறான். கட்டை பாதி இறங்கி நின்றது. அடுத்த விரல். அதற்கடுத்தது. பெருவிரலை நீளக் கட்டையில் வைத்து, தோளையும் சேர்த்துச் சாய்ந்தான். ஒரு எழுத்து வந்தது. பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டான்.

"முடிஞ்சு போச்சு அத்த."

"ஒரு நாள் ஓய்வு விட்டதுல அசந்திருக்கும்யா. காப்பி குடிச்சிட்டுப் பாரு."

"முந்தாநாள் அடிச்சேன். இன்னைக்கு இல்ல. டாக்டர் சொன்னாருல்லா, ஒருநாள் இப்படித்தான் தெரியும்னு."

அழவில்லை. கம்பெனிக்குக் கடிதம் அடிக்கச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நான் ஒற்றை விரலால் அடித்தேன். 'இத்துடன் என் வேலையை நிறுத்திக்கொள்கிறேன்' என்று முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. எனக்கே கட்டை இறுக்கமாகத்தான் இருந்தது. வயதான கை, வேறென்ன.

தோசை கருகிவிட்டது.

அக்டோபர் 25, புதன்

பேசவில்லை. நான் பேசினேன்.

அக்டோபர் 30, திங்கள்

ஜெபாராணி போன் செய்தாள். பயிற்சி எதுவும் வேண்டாம் என்று தலையாட்டுகிறான். விரலை நீவிவிடப் போனால் கையை இழுத்துக்கொள்ளப் பார்க்கிறான், இழுக்கவும் வரவில்லை. இடது கை விரல்கள் உள்ளே மடங்கியே இருக்கின்றன.

நவம்பர் 4, சனி

அந்தக் கீபோர்டு கண்முன்னால் இருக்கவேண்டாம், பாயிடமே கொடுத்துவிடுங்கள் என்று லிங்கம் சொன்னான். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளை அவனிடம் இருத்திவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன்.

பாய் விஷயத்தைக் கேட்டுத் தலைகுனிந்து நின்றார். பிறகு கீபோர்டைக் கையில் வாங்கி, கடைக்காரப் பழக்கம், நாலு கட்டையைத் தட்டினார். நெற்றி சுருங்கியது. மறுபடியும் தட்டினார்.

"என்னக்கா இது, களிமண்ணுல அமுக்குத மாதிரில்லா இருக்கு. என்ன கொட்டுச்சு?"

"ஒண்ணும் கொட்டலையே."

ஒரு கம்பிக் கொக்கியால் கட்டையின் மூடியைப் பிடுங்கினார். அடியில் மஞ்சளாகக் காய்ந்து இருந்தது. அடுத்ததைப் பிடுங்கினார். அதிலும். மூக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சந்தனமாக்கா?"

முந்தானையால் அந்தக் கட்டையைத் துடைக்கப் போனேன்.

"எங்க தர்காவுலயும் கந்தூரிக்குச் சந்தனம் பூசுவோம். ஆனா இது உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கும்க்கா. தண்ணியாட்டம் குழைச்சிருந்தா எல்லாம் கீழ எறங்கி, மண்ணாட்டம் ஒறஞ்சிரும்."

ஒரு மருந்து வைத்து, பிரஷ் வைத்து, மத்தியானம்வரை ஒவ்வொன்றாகக் கழுவினார். காசு வாங்கவில்லை. "இப்ப தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். அமுக்கவில்லை, தொட்டேன். இறங்கிவிட்டது.

"தம்பிகிட்ட உடனே சொல்லிருங்கக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் லிங்கம் கேட்டான், பாய் எடுத்துக்கொண்டாரா என்று. எடுத்துக்கொண்டார் என்றேன். கீபோர்டு என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

நவம்பர் 5, ஞாயிறு

சொல்லவேண்டும். இன்று அவனுக்குச் சளி.

நவம்பர் 6, திங்கள்

இன்று ராகுகாலம் போய்விட்டபிறகு சொல்லலாம் என்றிருந்தேன். தூங்கிவிட்டான்.

நவம்பர் 8, புதன்

வினோதினி மேடம் போன் செய்தாள். "அவர் எடத்துக்கு நான் இன்னும் யாரையும் போடலம்மா. தென் மாவட்டப் பதிவெல்லாம் அப்படியே தேங்கிக் கெடக்கு. ஒரு நாளைக்கு ஒண்ணோ ரெண்டோ செஞ்சாக்கூடப் போதும், ஸ்பீடு முக்கியமில்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் மேலிடத்துல சொல்லி வச்சிருக்கேன். அவர்கிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுச் சொல்லுதேன் என்றேன்.

உள்ளேயிருந்து யாரென்று கேட்டான். கேஸ்காரன் என்றேன்.

இன்றைக்குச் சொல்லியிருந்தால் கீபோர்டையும் சொல்லவேண்டும். கீபோர்டைச் சொன்னால் சந்தனத்தைச் சொல்லவேண்டும்.

நவம்பர் 10, வெள்ளி

வினோதினி மேடம் போன் செய்தாள். "அவனால முடியாதும்மா, வேற ஆளப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அவன் நல்லதுக்குத்தான். ஆசை காட்டி, மறுபடியும் ஒருநாள் கை விழுந்தால் அவன் தாங்குவானா? எப்படியும் விழப்போகிற கைதானே. டாக்டரே சொல்லியிருக்கிறார். அம்பாளுக்கு என் மனது தெரியும்.

கையால் செய்தது: ஒன்றுமில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். புதுச் சட்டைக்குப் பொத்தானுக்குப் பதில் ஒட்டுகிற பட்டை தைத்து வைத்திருந்தேன். அல்வாவில் ஒரு துளி கொடுத்தேன், புரையேறிவிட்டது. வெடிச் சத்தத்தில் அவன் இருமுவது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கிவிட்டன. வெந்நீர்த் துணி போட்டு நிமிர்த்தப் பார்த்தேன், வலியில் முகம் கோணியது. விட்டுவிட்டேன்.

நவம்பர் 13, திங்கள்

கோயிலுக்குப் போனேன். சன்னதியில் நின்றால் வழக்கமாக எனக்கு வாய் ஓயாது, அம்பாளிடம் அரை மணி நேரம் பேசுவேன். இன்று வாய் திறக்கவில்லை. குருக்கள் சந்தனத்தைக் கையில் வைத்தார். நெற்றிக்குக் கொண்டுபோக முடியவில்லை. கையை மூடிக்கொண்டே வீட்டுக்கு வந்து, குழாயடியில் கழுவினேன்.

நவம்பர் 14, செவ்வாய்

காலையில் முகம் துடைத்துவிடும்போது அவனாகவே பேசினான். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. "ஒரு வகைல நல்லதுதான் அத்த. கையே சொல்லிட்டு, போதும்னு. சரியான நேரத்துல மரியாதையா விட்டேன்லா. ஒரு தப்புக்கூட அனுப்பல."

துண்டு என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். ஒரு பொட்டு என்று சொல்லிவிட்டு நூற்று நாலும் வைத்தது, மேலும் நாலு வைத்தது, ஈரத்துணியால் துடைத்தது, பாய் மூடியைப் பிடுங்கியது எல்லாம். இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு சுருக்கமாக எதையும் சொன்னது கிடையாது.

அவன் கேட்டது சந்தனத்தைப் பற்றி இல்லை.

"எப்பத் தெரியும்?"

"நாலாந்தேதி."

"பத்து நாளா?"

"பயந்துட்டேன்யா."

"எடுத்துட்டு வாங்க."

சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்துவந்தேன். அவன் பார்த்தான், எங்கே இருந்து எடுத்தேன் என்பதை. மேஜையில் வைத்து, அவன் வலது கையைத் தூக்கித் துண்டின்மேல் வைத்தேன். ஆள்காட்டி விரல் கட்டைமேல் பட்டது. இறங்கியது. எழுத்து விழுந்தது. பெருவிரல், அதுவும் இறங்கியது. மடங்கின இரண்டு விரலையும் பிரிக்கப் பார்த்தான், வரவில்லை. இடது கையைப் பார்க்கவே இல்லை.

ஒன்றரை மாசத்துக்கு முன்னால் இதே மேஜையில் நாலு விரலால் அடித்தவன். இந்த நோட்டிலேயே இருக்கிறது.

என்னை அந்தப் பக்கம் போகச் சொன்னான். வினோதினி மேடத்துக்கு அவனே கடிதம் அடித்தான். இரண்டு விரல். அடுப்படியில் நின்று கேட்டேன். ஒரு தட்டு, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு ஒரு தட்டு. காலையில் தொடங்கினது சாயங்காலக் காப்பிக்கு முடிந்தது. வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. கீபோர்டில் சிறு பழுது இருந்தது, சரியாகிவிட்டது, என்னால் இன்னும் கொஞ்சம் செய்யமுடியும், மெதுவாகச் செய்தாலும் சுத்தமாகச் செய்வேன் என்று எழுதியிருந்தான். பழுது என்றுதான் எழுதியிருந்தான். என் பெயரைச் சொல்லவில்லை.

புதன்கிழமை போனையும் வெள்ளிக்கிழமை போனையும் அப்போதே சொல்லியிருக்கலாம். கடிதம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்திலேயே நின்றேன்.

நவம்பர் 15, புதன்

பதினோரு மணிக்குப் பதில் வந்தது. கம்ப்யூட்டரில் அவனே படித்தான். நானும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

'உங்கள் கடிதம் பார்த்து மகிழ்ச்சி, வருத்தமும்கூட. உங்களுக்காக வெள்ளிவரை இடத்தை வைத்திருந்தேன். உங்களால் இனி முடியாது என்று அத்தை அன்று போனில் சொன்னதால், திங்களன்று வேறொருவரைச் சேர்த்துவிட்டோம். அடுத்த வருஷம் ஏதாவது வந்தால் நிச்சயம் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அவன் திரும்பவில்லை. கழுத்தைத் திருப்புவதே இப்போது கஷ்டம். திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"வெள்ளிக்கிழமை?"

"எய்யா..."

"கேஸ்காரன்னு சொன்னிய."

"அது புதன்கிழமைய்யா" என்றேன். அதுதான் வாயில் வந்தது. "ஒனக்கு மறுபடியும் ஆசை வந்து, அப்புறம்..."

"அடுத்த வருசம்னு எழுதிருக்கா" என்றான். அது ஒன்று மட்டும் தெளிவாக வந்தது, குழறலே இல்லாமல்.

கத்தியிருந்தால் தேவலை. நான் பேசினேன், அம்பாள்மேல் ஆணையிட்டேன், அழுதேன், அவன் குழந்தையாக இருந்தபோது நான் அவனுக்காக மண்சோறு சாப்பிட்டதையெல்லாம் சொன்னேன். திரை தானாக அணைந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம்.

ஒரு மணியாயிற்று. சோற்றைக் குழைத்து, ரசம் விட்டுப் பிசைந்து, தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். தட்டிவிடுவான் என்று நினைத்தேன். தட்டிவிட அவனுக்குக் கை ஏது. பேச்சியம்மாளைக் கூப்பிட்டு ஊட்டச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கரண்டியை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பருக்கை அவன் சட்டையில் விழுந்தது. அதைத் துடைக்கப் பயமாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, கண்ணைத் திறக்காமலே, வாயைத் திறந்தான்.